நியூயார்க் 2022 மிட்டெர்ம்: சிட்டிங் உறுப்பினர்கள் தோற்றார்களா, சீட்டைக் காலி செய்து கொடுத்தார்களா?

ஹட்சன்வாசி:

2022 நவம்பர் மிட்டெர்மில், அதாவது ஜனாதிபதி தவணையின் நடுவில் வரும் தேர்தலில், அமெரிக்கக் கீழ்சபை 222–213 என்று குடியரசுக் கட்சிக்குப் போனது. பெரிதாக அடிக்கும் என்று எல்லாரும் காத்திருந்த சிவப்பு அலை, அதாவது குடியரசுக் கட்சி அலை, நாட்டின் பல இடங்களில் முழங்காலைக்கூட நனைக்கவில்லை. நன்றாக அடித்த ஓரிரு இடங்களில் ஒன்று நம் நியூயார்க். ஜனநாயகக் கட்சிக்கு 19–8 என்று இருந்த மாநிலம் 15–11 ஆனது. ஐந்து சீட் வித்தியாசத்தில் சபை கைமாறிய வருடத்தில் இங்கே மட்டும் நாலு சீட் பறிபோனால் சண்டை வரத்தான் செய்யும். இன்னமும் ஓயவில்லை.

காரணம் கேட்டால் வழக்கமாக இரண்டு பதில் வரும். "நீதிமன்றம் தொகுதி வரைபடத்தைக் கிழித்துப் போட்டதால்தான்" என்பது ஒன்று. "கவர்னர் ஹோக்குல் ஒழுங்காகப் பிரசாரம் செய்யவில்லை, மேலே இருந்தவர் கீழே இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தார்" என்பது இன்னொன்று.

ஜெயித்த அந்த 11 குடியரசுக் கட்சிக்காரர்களை ஒருமுறை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கார்பரினோ, மாலியோடாக்கிஸ், ஸ்டெஃபானிக், டென்னி நாலு பேரும் பழைய ஆட்கள். மீதி ஏழு பேர், அதாவது லாலோட்டா, சாண்டோஸ், டெஸ்பொசிட்டோ, லாலர், மோலினாரோ, வில்லியம்ஸ், லாங்வர்த்தி, வாஷிங்டனுக்குப் புதுசு. இந்த ஏழு பேரில் நவம்பரில் ஒரு சிட்டிங் உறுப்பினரை எதிர்த்து நின்று தோற்கடித்தவர் மைக் லாலர் மட்டும்தான். மற்ற ஆறு பேரும் காலியாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

காலி செய்தது யார் என்று பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். லீ ஸெல்டின் குடியரசுக் கட்சி சார்பில் ஹோக்குலை எதிர்த்துக் கவர்னருக்கு நிற்கப் போனார். டாம் ஸ்வாஸியும் கவர்னருக்கு நிற்கத்தான் போனார், பிரைமரியிலேயே, அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலிலேயே, ஹோக்குலிடம் தோற்றார். கேத்லீன் ரைஸ் போதும் என்று ஒதுங்கினார். ஜான் காட்கோ, டிரம்ப் மீதான இரண்டாவது பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த பத்து குடியரசுக் கட்சியினரில் ஒருவர், அவரும் நிற்கவில்லை. ஆண்டனி டெல்கடோவை ஹோக்குல் துணை கவர்னர் ஆக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆக, என் வாதம் இதுதான்: அந்த வருடம் நியூயார்க்கில் சிட்டிங் உறுப்பினர்களை மக்கள் தோற்கடிக்கவில்லை. அவர்களே எழுந்து போனார்கள், இல்லையென்றால் ஒருவரை ஒருவர் எழுப்பிவிட்டார்கள். மறுப்பவர்கள் வரலாம்.

மெட்ராஸ்_வாசகி:

வெளியில் இருந்து படிப்பவள். இரண்டு சந்தேகம். "எழுப்பிவிட்டார்கள்" என்றால் என்ன, ஒரே கட்சிக்காரர்கள் ஒரே தொகுதியில் எப்படி மோதினார்கள்? தொகுதி வரைபடம் விஷயத்தில் நீதிமன்றத்துக்கு என்ன வேலை? இங்கே மறுவரையறை ஆணையத்தின் உத்தரவு அரசிதழில் வந்தால் நீதிமன்றத்தில் அதை அசைப்பது லேசில் நடக்காதே.

பாயிண்ட்_ஆஃப்_ஆர்டர்:

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன், முதலாவது அதிலிருந்தே வரும்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நியூயார்க் 27 சீட்டில் ஒன்றை இழந்தது. இன்னும் 89 பேர் கணக்கில் வந்திருந்தால் அந்த ஒன்றும் போயிருக்காது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கதவைத் திறக்காமல் விட்டவர்களே அதற்குப் போதும்!

இந்த மாநிலத்தில் 2014-இல் அரசியலமைப்பைத் திருத்தி, தொகுதி வரைய இரு கட்சியும் சேர்ந்த பத்துப் பேர் ஆணையம் ஒன்றை உண்டாக்கினார்கள். 2022 ஜனவரியில் அது முதன்முதலாக வேலை செய்ய வேண்டிய நேரத்தில் பாதிக்குப் பாதி பிரிந்து முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வரைபடம் அனுப்பினார்கள், சட்டமன்றம் இரண்டையும் தள்ளியது. சட்டப்படி ஆணையம் இரண்டாவது முறை ஒன்று அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. "சரி, நாங்களே வரைந்துகொள்கிறோம்" என்று ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை உள்ள சட்டமன்றம் பேனாவை எடுத்தது. 26-இல் 22 தொகுதி தங்களுக்குச் சாதகமாக வருகிற மாதிரி வரைந்தார்கள். ஸ்டேட்டன் தீவோடு புரூக்ளினின் பார்க் ஸ்லோப்பை ஒட்டவைத்ததுதான் அதன் உச்சம். தீவு முழுக்கக் குடியரசுக் கட்சி, பார்க் ஸ்லோப் முழுக்க இடதுசாரிக் காபிக்கடை. பிப்ரவரி தொடக்கத்தில் ஹோக்குல் கையெழுத்தும் போட்டாயிற்று.

குடியரசுக் கட்சிக்காரர்கள் வழக்கை எங்கே போட்டார்கள் தெரியுமா? மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் ஸ்டூபன் கவுண்டியில். அங்கே நீதிபதி மெக்காலிஸ்டர் வரைபடத்தைத் தள்ளினார். மேல்முறையீடு மாநிலத்தின் உச்ச அமைப்பான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுக்குப் போய், ஏப்ரல் 27 அன்று 4–3 என்று தீர்ப்பு. தலைமை நீதிபதி ஜேனட் டிஃபியோரே எழுதினார்: ஆணையம் தன் வேலையை முடிக்காதபோது சட்டமன்றத்துக்கு வரையும் அதிகாரமே இல்லை, காங்கிரஸ் வரைபடம் ஒரு கட்சிக்காக வளைக்கப்பட்டதும்கூட. ஏழு நீதிபதிகளையும் நியமித்தவர்கள் ஜனநாயகக் கட்சி கவர்னர்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோனதன் செர்வாஸ் என்பவரைச் சிறப்பு வல்லுநராகப் போட்டு, மே மாதம் புது வரைபடம் வந்தது. நேரம் போதாததால் காங்கிரஸ், மாநில செனட் பிரைமரிகள் ஆகஸ்ட் 23-க்குத் தள்ளிப்போயின. கவர்னர் பிரைமரி ஜூன் 28-லேயே நடந்தது. செர்வாஸுக்கு யார் வீடு எங்கே, யார் தொகுதி எது என்ற கவலை இல்லை. அவர் கோடு போட்டு முடித்தபோது ஒரே தொகுதியில் இரண்டு சிட்டிங் உறுப்பினர், சில தொகுதியில் ஒருவரும் இல்லை என்று ஆயிற்று.

இன்னொன்று, உங்களுக்கு விநோதமாக இருக்கும்: கீழ்சபைக்கு நிற்பவர் அந்த மாநிலத்தில் வசித்தால் போதும், தொகுதிக்குள் வசிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஆகவே கோடு மாறியதும் எல்லாரும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வண்டியில் ஏறலாம் என்று ஓட ஆரம்பித்தார்கள்.

மெட்ராஸ்_வாசகி:

நன்றி சார். 89 பேர்! நம்ப முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:

ஹட்சன்வாசி சொல்வது பாதிதான் சரி. சீட் காலியாக இருந்தது உண்மை. ஆனால் காலி சீட்டை எதிர்க்கட்சி பிடிக்க வேண்டும் என்று என்ன விதி? வரைபடம் மாறாமல் இருந்திருந்தால் அந்தக் காலி சீட்களில் பாதியில் அவர்கள் எட்டிப் பார்த்திருக்கவே முடியாது.

ஹட்சன்வாசி:

பிள்ளைவாள், உங்கள் பெயருக்கு ஏற்ற கணக்கு ஒன்று. நீதிமன்றம் கொடுத்த வரைபடத்தில் 2020-இல் பைடன் ஜெயித்த தொகுதி எத்தனை? 21. சட்டமன்றம் ஆசைப்பட்டு வளைத்ததே 22-தான். செர்வாஸ் வரைபடத்தில் பைடன் தோற்றவை வெறும் ஐந்து: 2, 11, 21, 23, 24. குடியரசுக் கட்சி ஜெயித்ததோ 11. அதாவது பைடன் ஜெயித்த ஆறு தொகுதிகளில் அவர்கள் கொடி நட்டார்கள். 4ஆம் தொகுதியில் பைடன் 14 சதவீதப் புள்ளி அளவில் முன்னிலை, அங்கேயே டெஸ்பொசிட்டோ ஜெயித்தார். அதற்கும் கோடு போட்டவரையா குற்றம் சொல்வது?

கணக்குப்பிள்ளை:

21 என்பது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு வித்தியாசத்தில் என்பதும் கணக்குதானே? 1ஆம் தொகுதியில் பைடன் முன்னிலை ஒரு புள்ளிகூட இல்லை. சட்டமன்றம் வரைந்த வரைபடம் நிலைத்திருந்தால் ஸ்டேட்டன் தீவில் மாலியோடாக்கிஸே திணறியிருப்பார். புது வரைபடத்தில் மேக்ஸ் ரோஸை ஊதித் தள்ளினார். பைடன் ஜெயித்த தொகுதி என்பது 2020-இன் கணக்கு. மிட்டெர்மில் ஆளும் கட்சிக்கு நாலைந்து புள்ளி இறங்குவது வழக்கம்.

லாங்ஐலண்ட்காரன்:

நீங்கள் இரண்டு பேரும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் லாங் ஐலண்டில், நாசாவ் கவுண்டியின் வடக்குப் பக்கம் இருக்கிறேன். அந்த அக்டோபரில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டியில் வந்த துண்டறிக்கைகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: குற்றம், குற்றம், குற்றம். பிணைத்தொகை இல்லாமல் விடுவிக்கும் 2019 சட்டத்தைப் பற்றித்தான் டிவியில் இரவு பகலாக விளம்பரம். வேறு சில மாநிலங்களில் பெண்கள் கருக்கலைப்பு உரிமை பற்றிக் கோபமாக வாக்களித்தார்கள். நியூயார்க்கில் அந்த உரிமை பத்திரமாக இருந்ததால் பலருக்கு அது தலைபோகிற விஷயமாகத் தோன்றவில்லை.

ஸெல்டின் எங்கள் ஊர் ஆள், சஃபோக் கவுண்டி. அவர் வீட்டு வாசலுக்கு வெளியிலேயே அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பையன்கள் காயப்பட்டார்கள். அதற்கு மேல் பிரசாரமே வேண்டாம். நாசாவ், சஃபோக் இரண்டையும் அவர் ஜெயித்தார். ஹோக்குல் மாநிலம் முழுக்கச் சேர்த்து 53–47 என்று தப்பித்தார். 1994-இல் குடியரசுக் கட்சியின் பட்டாக்கி ஜெயித்ததற்குப் பிறகு இவ்வளவு நெருக்கமான கவர்னர் தேர்தல் இங்கே நடக்கவில்லை. அதே நாள், அதே வாக்குச்சீட்டில் செனட்டுக்கு நின்ற ஜனநாயகக் கட்சியின் சூமர் 14 புள்ளி அளவில் ஜெயித்தார். மேலே யார் நின்றார் என்பது முக்கியமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதற்கு முன்னறிவிப்பும் இருந்தது. 2021-இலேயே நாசாவ் கவுண்டி நிர்வாகியாக இருந்த ஜனநாயகக் கட்சிக்காரரை புரூஸ் பிளேக்மன் வீழ்த்தினார். அப்போதே விழித்திருக்க வேண்டும்.

வடக்குவீதி:

நான் ரொறன்ரோவில இருக்கிறன், நியூயோர்க் எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி எண்டதால வாசிச்சுக்கொண்டு வாறன். எனக்கு விளங்காத ஒண்டு: கட்சியின்ர தேர்தல் குழுத் தலைவரே தோத்தார் எண்டு சொல்லுகினம். நாடு முழுக்க மற்ற ஆக்களை வெல்ல வைக்கிற பொறுப்பில இருந்த மனுசன் தன்ர சீட்டை எப்பிடி விட்டவர்?

ஹட்சன்வாசி:

இதைத்தான் எதிர்பார்த்தேன், ஏனென்றால் இது என் தொகுதி.

ஷான் பாட்ரிக் மலோனி. 2012-இல் ஜெயித்து ஐந்து தவணை இருந்தவர். கீழ்சபை ஜனநாயகக் கட்சியின் பிரசாரக் குழுத் தலைவர். அவர் பழைய தொகுதி 18. செர்வாஸின் வரைவு மே 16 அன்று வெளியானபோது கோல்ட் ஸ்பிரிங்கில் உள்ள அவர் வீடு புது 17-க்குள் விழுந்திருந்தது. பழைய தொகுதியின் பெரும்பகுதி 18 என்ற பெயரிலேயே வடக்கே இருந்தது. ஆனால் 17 கொஞ்சம் பாதுகாப்பானது, பைடன் பத்துப் புள்ளியில் ஜெயித்தது. வரைவு வந்த சூடு ஆறுவதற்குள் "நான் 17-இல் நிற்கிறேன்" என்று அறிவித்துவிட்டார். அது இறுதி வரைபடம்கூட இல்லை.

பிரச்சினை என்னவென்றால் 17-இல் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மாண்டேர் ஜோன்ஸ், முதல் தவணை, இளைஞர், கறுப்பினத்தவர். புது 17-இன் மக்களில் பெரும்பாலானோர் ஜோன்ஸின் தொகுதிக்காரர்கள், மலோனிக்கு வாக்களித்தே இராதவர்கள். ஜோன்ஸின் வீடோ பக்கத்து 16-க்குள் போய்விட்டது, அங்கே ஜமால் போமன். குழுத் தலைவரோடு மோதுவதா, போமனோடு மோதுவதா என்று யோசித்து, இரண்டும் வேண்டாம் என்று ஜோன்ஸ் கீழ் மன்ஹாட்டனும் புரூக்ளினும் சேர்ந்த 10-க்கு இடம் பெயர்ந்தார். அதற்கு முன் அங்கே அவருக்கு ஒரு தெருக்கூடச் சொந்தமில்லை.

ஒருவர் வசதிக்காக இரண்டு சிட்டிங் உறுப்பினர்களும் தங்களை அறிந்த வாக்காளர்களை விட்டு வெளியேறினார்கள். மலோனி ஆகஸ்ட் பிரைமரியில் அலெஸாண்ட்ரா பியாஜியைச் சுலபமாக ஜெயித்தார். நவம்பரில் ராக்லண்டில் பிறந்து வளர்ந்து, அங்கேயே மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்த மைக் லாலரிடம் சுமார் 1,800 வாக்கில் தோற்றார். கடைசி வாரங்களில் நாட்டின் மற்ற வேட்பாளர்களுக்குப் போக வேண்டிய குழுப் பணத்தைத் தன் தொகுதிக்கே இறக்க வேண்டி வந்தது. 1980-க்குப் பிறகு பிரசாரக் குழுத் தலைவர் ஒருவர் பொதுத் தேர்தலில் தோற்றது அதுவே முதல் முறை.

வடக்குவீதி:

ஐயோ. அப்ப அவர் விட்டுட்டு வந்த 18?

ஹட்சன்வாசி:

அதுதான் வயிற்றெரிச்சல். ஜனநாயகக் கட்சி அதை ஜெயித்தது!

பாட் ரயன். வெஸ்ட் பாயிண்டில் படித்தவர், இராக்கில் ராணுவ சேவை, அல்ஸ்டர் கவுண்டி நிர்வாகி. டெல்கடோ போனதால் பழைய 19-க்கு ஆகஸ்ட் 23 அன்று இடைத்தேர்தல். எதிரே டச்சஸ் கவுண்டி நிர்வாகி மார்க் மோலினாரோ, 2018-இல் அப்போதைய கவர்னர் குவோமோவை எதிர்த்துக் கவர்னருக்கு நின்ற, ஊர் முழுக்கத் தெரிந்த முகம். கருத்துக்கணிப்பு எல்லாம் மோலினாரோ பக்கம். ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு ரயன் ஊர் ஊராகப் போனார், ஜெயித்தார். அதே நாள் புது 18-இன் பிரைமரியிலும் அவரே நின்று ஜெயித்தார். ஒரே நாளில் ஒரு தொகுதியின் உறுப்பினர், இன்னொரு தொகுதியின் வேட்பாளர். நவம்பரில் 18-இல் ஒரு புள்ளிச் சொச்சத்தில் தப்பினார். மோலினாரோவோ புது 19-இல் நின்று ஜாஷ் ரைலியை நெருக்கமாக ஜெயித்தார்.

குற்றம் பற்றிய அதே விளம்பரம், அதே ஹோக்குல், அதே வரைபடம். ரயனுக்கு மட்டும் அது ஏன் செல்லவில்லை? லாங்ஐலண்ட்காரன் பதில் சொல்ல வேண்டும்.

லாங்ஐலண்ட்காரன்:

ஹட்சன் பள்ளத்தாக்கும் லாங் ஐலண்டும் ஒன்றில்லை, அதுதான் பதில். லாங் ஐலண்டின் நாலு தொகுதியையும் ஒரே கட்சி அள்ளியது. 1, 2, 3, 4 வரிசையாக. நாலு தொகுதியிலும் வேட்பாளர் சரியில்லை என்று சொல்லுவீர்களா? 4-இல் லாரா கில்லன் ஹெம்ப்ஸ்டட் நகர நிர்வாகியாக இருந்தவர், உள்ளூரில் அறிமுகமானவர், ஆனாலும் தோற்றார். இது அலைதான் ஐயா, ஆள் இல்லை.

சிராக்கியூஸ்குளிர்:

மேல்நியூயார்க்கை ஒருவரும் கண்டுகொள்ளாதது வழக்கம்தான். 😀

புது வரைபடத்தில் 22 ஆன எங்கள் பகுதியில் காட்கோ இருந்தவரை ஜனநாயகக் கட்சி தலைகீழாக நின்றும் அசைக்க முடியவில்லை. பைடன் ஜெயித்த இடத்தில் குடியரசுக் கட்சிக்காரராக ஜெயித்துக்கொண்டே இருந்தவர். அவர் போனதும் பிராண்டன் வில்லியம்ஸ் வந்தார், கட்சித் தலைமை விரும்பிய ஆளைப் பிரைமரியில் தோற்கடித்து. நவம்பரில் ஃபிரான்சிஸ் கோனோலை ஒரு புள்ளி அளவில்தான் ஜெயித்தார். காட்கோ நின்றிருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இது ஹட்சன்வாசி சொல்கிற வாதத்துக்குத்தான் பலம்.

23-இல் நடந்தது வேறு மாதிரி. பஃபலோ சூப்பர்மார்க்கெட்டில் மே 14 அன்று பத்துக் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பக்கத்து உறுப்பினர் கிறிஸ் ஜேக்கப்ஸ், குடியரசுக் கட்சி, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தால் ஆதரிப்பேன் என்றார். ஒரே வாரம். கட்சிக்குள் கிளம்பிய எதிர்ப்பில் போட்டியிலிருந்தே விலகினார். மாநிலக் கட்சித் தலைவர் லாங்வர்த்தி இறங்கி, பிரைமரியில் பலடினோவை ஜெயித்து உள்ளே போனார். வாக்காளர் ஒருவர்கூட ஜேக்கப்ஸுக்கு எதிராக வாக்களிக்க வேண்டியிருக்கவில்லை.

மெட்ராஸ்_வாசகி:

மன்ஹாட்டனில் இரண்டு பெரிய தலைகள் மோதினார்கள் என்று படித்த ஞாபகம்.

பாயிண்ட்_ஆஃப்_ஆர்டர்:

12ஆம் தொகுதி. ஜெரி நாட்லர் மேற்குப் பக்கம், கரோலின் மலோனி கிழக்குப் பக்கம், நடுவே சென்ட்ரல் பார்க். (இந்த மலோனிக்கும் அந்த மலோனிக்கும் உறவில்லை.) இருவரும் 1992 தேர்தலில் நுழைந்தவர்கள், முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாட்லர் நீதித்துறைக் குழுத் தலைவர், மலோனி மேற்பார்வைக் குழுத் தலைவர். செர்வாஸ் பூங்காவின் இரண்டு பக்கத்தையும் ஒரே தொகுதியில் போட்டார், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதல்முறையாக. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாவதாக சூரஜ் படேல், முப்பதுகளின் கடைசியில் இருந்த வழக்கறிஞர், ஏற்கெனவே இரண்டு முறை மலோனியை எதிர்த்து நின்றவர். "இந்தத் தலைமுறை போதும்" என்ற தோரணையில். கடைசி வாரத்தில் சூமர் நாட்லருக்குக் கைகொடுத்தார். நாட்லர் 55 சதவீதம், மலோனி 24, படேல் 19.

10-இல் இன்னும் கூட்டம். முன்னாள் மேயர் டி பிளாசியோ இறங்கி, யாரும் சீந்தவில்லை என்று ஜூலையிலேயே விலகினார். டிரம்ப் மீதான முதல் பதவிநீக்க விசாரணையில் வழக்கறிஞராக இருந்த டான் கோல்ட்மன், லீவைஸ் ஜீன்ஸ் குடும்ப வாரிசு, சொந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் கொட்டி சுமார் 26 சதவீதத்தில் ஜெயித்தார். யூலின் நியூ 24-ஐ ஒட்டி வந்தார், மாண்டேர் ஜோன்ஸ் 18-இல் மூன்றாவது. நகரத் தேர்தலுக்கு இருக்கிற தரவரிசை வாக்குமுறை காங்கிரஸ் பிரைமரிக்குக் கிடையாது, இரண்டாம் சுற்றும் கிடையாது. நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றாலும் முதலில் வந்தவர் வந்தவர்தான். நவம்பர் அங்கே வெறும் சடங்கு.

கணக்குப்பிள்ளை:

ஆக சிட்டிங் உறுப்பினர்களில் கரோலின் மலோனியும் ஜோன்ஸும் பிரைமரியில் போனார்கள், ஷான் மலோனி நவம்பரில் போனார். மூன்றுக்கும் மூலகாரணம் அந்த வரைபடம். நான் முதலில் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோமே!

ஹட்சன்வாசி:

கரோலின் மலோனி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மற்ற இரண்டும் ஷான் மலோனி ஒருவர் எடுத்த முடிவு. வரைபடம் மலோனியை 17-க்குத் துரத்தவில்லை. 18 அங்கேயேதான் இருந்தது, ரயன் நின்று காட்டினார்.

மெட்ராஸ்_வாசகி:

சாண்டோஸ் பற்றி யாரும் பேசவே இல்லையே? இங்கே டிவி விவாதத்தில்கூட அடிபட்ட ஒரே பெயர் அதுதான்.

லாங்ஐலண்ட்காரன்:

என் தொகுதி, 3. வெட்கத்தோடு சொல்கிறேன்.

2020-இல் ஸ்வாஸியிடம் தோற்ற அதே ஜார்ஜ் சாண்டோஸ். ஸ்வாஸி நின்றிருந்தால் மறுபடியும் தோற்றிருப்பார் என்று நானும் நினைக்கிறேன், அந்த அளவில் ஹட்சன்வாசியோடு ஒத்துப்போகிறேன். எதிரே ராபர்ட் ஸிம்மர்மன். பைடன் எட்டுப் புள்ளியில் ஜெயித்த தொகுதி, சாண்டோஸ் ஏழு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். டிசம்பர் 19 அன்று நியூயார்க் டைம்ஸ் செய்தி வந்தபிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது: பரூக் கல்லூரிப் பட்டம் பொய், கோல்ட்மன் சாக்ஸ் வேலை பொய், சிட்டி குரூப் பொய். ஆனால் நார்த் ஷோர் லீடர் என்ற எங்கள் உள்ளூர் வாரப் பத்திரிகை தேர்தலுக்கு முன்பே அவர் சொத்துக்கணக்கைச் சந்தேகித்து எழுதியிருந்தது. ஜனநாயகக் கட்சிப் பிரசாரக் குழுவே அவரைப் பற்றி எண்பது பக்கத்துக்கு மேல் ஒரு கோப்பு தயாரித்திருந்தது. அதில் அவர் கொள்கை பற்றி நிறைய, பட்டம் உண்மையா என்று ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. அந்தக் குழுவின் தலைவர் யார்? 17-இல் தன் சீட்டைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்த அதே மலோனி.

2023 டிசம்பர் 1 அன்று 311–114 என்று சபை அவரை வெளியேற்றியது. வரலாற்றில் ஆறாவது ஆள். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு 87 மாதச் சிறைத் தண்டனை, அதையும் 2025 அக்டோபரில் டிரம்ப் குறைத்து வெளியே விட்டார்.

சிராக்கியூஸ்குளிர்:

சாண்டோஸ் போனதால் வந்த இடைத்தேர்தல் நடந்த விதத்தையும் சொல்லுங்கள். பிரைமரியே கிடையாது. காலியான சீட்டுக்குக் கவுண்டிக் கட்சித் தலைவர்களே உட்கார்ந்து வேட்பாளரை முடிவு செய்வார்கள். ஜனநாயகக் கட்சி யாரை எடுத்தது? ஸ்வாஸியை. எழுந்து போன மனிதரையே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். 2024 பிப்ரவரி 13, பனிக்கொட்டலில் குடியரசுக் கட்சியின் மாஸி பிலிப்பைச் சுமார் எட்டுப் புள்ளியில் ஜெயித்தார்.

ஹட்சன்வாசி:

2024 நவம்பரையும் சேர்த்துப் பாருங்கள். நீதிமன்றம் மறுபடி ஒரு 4–3 தீர்ப்பில் ஆணையத்தைத் திரும்ப வரையச் சொல்லி, பிப்ரவரியில் சட்டமன்றம் புது வரைபடம் போட்டது. ஆனால் இந்த முறை பயந்துகொண்டு சின்னச் சின்ன மாற்றம்தான். 22-ஐ மட்டும் நன்றாக ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்த்தார்கள். டிரம்ப் நியூயார்க்கில் முன்பைவிட நிறைய வாக்கு வாங்கிய வருடம் அது. லாங்ஐலண்ட்காரன் கோட்பாட்டின்படி ஜனநாயகக் கட்சி இன்னும் இரண்டு சீட்டாவது இழந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? கில்லன் டெஸ்பொசிட்டோவை வீழ்த்தினார், ரைலி மோலினாரோவை வீழ்த்தினார், மானியன் வில்லியம்ஸை வீழ்த்தினார். டிரம்ப் முன்னிலை பெற்ற 3ஆம் தொகுதியிலேயே ஸ்வாஸி ஜெயித்தார். 19–7.

லாங்ஐலண்ட்காரன்:

கில்லனும் ரைலியும் 2022-இல் தோற்ற அதே ஆட்கள்! ஆள் மாறவில்லை, முடிவு மாறியது. இது என் பக்கமா உங்கள் பக்கமா? ஜனாதிபதித் தேர்தல் வருடத்தில் வாக்களிக்க வருகிற கூட்டமே வேறு. அதோடு இந்த முறை சிட்டிங்காக நின்று தோற்றவர்கள் மூன்று பேர். சிட்டிங் தோற்கமாட்டார் என்ற உங்கள் சூத்திரம் இரண்டே வருடத்தில் உடைந்தது.

ஹட்சன்வாசி:

தோற்கவேமாட்டார் என்று நான் சொல்லவில்லை, 2022-ஐப் பற்றித்தான் சொன்னேன். முதல் தவணைக்காரர் இன்னும் வேர்விடாதவர். ஆனால் கில்லன், ரைலி பற்றிய கேள்வி நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் உள்ள பதில் உங்களுக்குப் பிடிக்காது: 2022-இல் மாநிலக் கட்சி களத்தில் இல்லவே இல்லை, 2024-இல் இருந்தது. முந்தைய தோல்விக்கு வெட்கப்பட்டு, கீழ்சபை ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரீஸ் தன் சொந்த மாநிலம் என்று பணத்தையும் ஆட்களையும் இறக்கினார். 2021 நவம்பரிலேயே இந்தத் தூக்கம் தெரிந்தது. தொகுதி வரையும் விதியை மாற்றுவது, அன்றே பதிவு செய்து வாக்களிப்பது, காரணம் சொல்லாமல் தபால் வாக்கு என்று மூன்று திருத்தங்கள் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றன. எதிர்த்தரப்பு விளம்பரம் செய்தது, இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

வடக்குவீதி:

17 மட்டும் திரும்பி வரேல்லைப் போல?

ஹட்சன்வாசி:

வரவில்லை. 2024-இல் லாலரை எதிர்த்து நின்றது யார் தெரியுமா, மாண்டேர் ஜோன்ஸ். துரத்தப்பட்டவர் திரும்பி வந்தார். ஆனால் நடுவில் புரூக்ளினுக்குப் போய் வந்த கதையை லாலர் விடுவாரா? போதாததற்கு நியூயார்க்கில் ஒரு வேட்பாளர் பல கட்சியின் வரிசையில் நிற்கலாம், வாக்குகள் கூட்டப்படும். இடதுசாரி வொர்க்கிங் ஃபேமிலீஸ் கட்சியின் வரிசை ஜோன்ஸுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவர்கள் பிரைமரியில் ஊர்பேர் தெரியாத ஒருவர் அதைத் தட்டிக்கொண்டு போனார். லாலர் ஆறு புள்ளி அளவில் ஜெயித்தார். 2025-இல் கவர்னருக்குப் போகலாமா என்று யோசித்து, கடைசியில் கீழ்சபையிலேயே நிற்கிறேன் என்று ஜூலையில் அறிவித்தார். ஸெல்டினும் ஸ்வாஸியும் செய்ததை அவர் செய்யவில்லை.

பாயிண்ட்_ஆஃப்_ஆர்டர்:

நாட்லரும் 2026-இல் நிற்கவில்லை என்று 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டார். 12-க்குப் பிரைமரியில் உடனே வரிசை கட்டினார்கள். அதற்குத் தனி இழை திறக்கட்டுமா, இங்கேயே போடவா?

ஹட்சன்வாசி:

தனியாகவே திறங்கள். இங்கே லாங்ஐலண்ட்காரன் இன்னும் என்னைத் திட்டி முடிக்கவில்லை.